கடைக்கும் கிட்டங்கிக்கும் நடுவே

மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்த வியாபாரக் கடை. சரக்கு கிடக்கும் கிட்டங்கி ரிங் ரோட்டில். கடையில் பில் போட்டால் கிட்டங்கி இருப்பில் மூட்டை குறைய வேண்டும். ஒன்று நடந்து மற்றது நடக்காமல் போகவே கூடாது. பில் போடும் பகுதி விபி6 என்ற பழைய மொழியில் எழுதப்பட்டு, விண்டோஸின் காம் பிளஸ் சேவையில் ஓடியது. இருப்புப் பகுதியை நான் புதிதாக சி ஷார்ப் மொழியில் எழுதியிருந்தேன். இரண்டு டேட்டாபேஸ், இரண்டு விண்டோஸ் 2003 சர்வர், நடந்தால் இரண்டிலும் நடக்கட்டும், இல்லையேல் எதிலும் வேண்டாம் என்று இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாகச் சேர்த்துக் கட்டும் எம்எஸ்டிடிசி என்ற விண்டோஸ் சேவை, சுருக்கமாக டிடிசி.

எங்கள் அலுவலகத்தில் எல்லாம் ஓடியது. கிட்டங்கியில் புது சர்வரை வைத்த அன்று ஒரு பில்கூட விழவில்லை. பரிவர்த்தனையில் சேர முடியவில்லை என்ற பிழைச்செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

விபி6 பகுதியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பழையது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அதிலேயே இரண்டு நாள் போனது. ஒரு பரிவர்த்தனை முடிய காம் பிளஸ் தரும் 60 விநாடிக் கெடுவையும் கூட்டிப் பார்த்தேன். அப்புறம் ஃபயர்வால். வெளியிலிருந்து பேச வருவதற்கான வாசல்களில் 135-ஆம் போர்ட் திறந்திருந்தால் மட்டும் போதாது. முதல் பேச்சுக்குப் பிறகு டிடிசி வேறு போர்ட்டுக்குப் போய்விடும். அதையும் திறந்தோம். விண்டோஸ் 2003-இல் நெட்வொர்க் டிடிசி அனுமதியை நாம்தான் டிக் செய்ய வேண்டும். செய்திருந்தோம். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறை இல்லை.

வியாபாரம் நிற்கிறதே என்று பரிவர்த்தனையை அணைத்துவிட்டேன். இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன். லைன் அறுந்த நேரங்களில் பில் பதிவானது, இருப்பு குறையவில்லை. மூன்றாம் நாள் வத்தல் மூட்டைக் கணக்கு உதைத்தது. கணக்குப்பிள்ளையும் நானும் அந்த நெடியில் இருமிக்கொண்டே மூட்டைகளைக் கையால் எண்ணினோம். அப்போது அவர் கேட்டார்: "தம்பி, சரக்கு எடுத்து வச்சாச்சுன்னு கிட்டங்கியிலருந்து ஆள் வந்து சொல்லாம நான் பில்லுல கையெழுத்துப் போட்டதே இல்ல. உங்க கம்ப்யூட்டர் ஏன் கேக்காமப் போடுது?"

முதலில் எல்லோரிடமும் தயாரா என்று கேட்பது, எல்லோரும் ஆம் என்றால் மட்டும் முடிப்பது. கணினி விஞ்ஞானி ஜிம் கிரே 1978-இல் விளக்கி எழுதிய இரண்டு கட்ட உறுதிப்பாடு இதுதான். நான் அணைத்துவைத்ததும் இதைத்தான்.

அன்று இரவு, டிடிசிகள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று சோதிக்கும் டிடிசிபிங் கருவியை இரண்டு சர்வரிலும் ஓட்டினேன். அதுவரை என் லேப்டாப்பிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் சோதித்திருந்தேன். லேப்டாப்போடு இரண்டுமே நன்றாகப் பேசின. ஒன்றோடு ஒன்றைப் பேசவிட்டதும் விஷயம் வெளியே வந்தது: இரண்டுக்கும் ஒரே சிஐடி, அதாவது டிடிசியின் அடையாள எண். நேரத்தை மிச்சப்படுத்த, கடை சர்வரின் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துக் கிட்டங்கி சர்வரை உருவாக்கியிருந்தார்கள். பெயரை மாற்றினார்கள், ஐபியை மாற்றினார்கள். இந்த எண் மட்டும் பழையபடியே இருந்தது. தன் எண்ணோடு வருகிற இன்னொரு டிடிசியோடு அதனால் பேச முடியாது. கிட்டங்கி சர்வரில் எம்எஸ்டிடிசியை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி நிறுவி, அழிந்துபோன டிக்குகளைத் திரும்பப் போட்டேன்.

மறுநாள் காலை பரிவர்த்தனையை மீண்டும் இயக்கினேன். கணக்குப்பிள்ளை ஒரு மூட்டைக்கு பில் போட்டு, "ஒண்ணு குறைஞ்சிருக்கா பாரு" என்று கிட்டங்கிக்குப் போன் செய்தார். குறைந்திருந்தது. சரி என்று நான் எழுந்தபோது, நெட்வொர்க் வயரைப் பிடுங்கச் சொல்லி இன்னொரு பில் போட்டார். விழவில்லை.

"இப்பச் சரி" என்றார்.