சவுக்குக்குள்ள இலுக்கு

மட்டக்களப்பு வாகரையில எங்கட வளவுக்குப் பின்னால இலுக்குப் புல்லு இடுப்பளவு நிக்குது. கூரை வேய அப்பா அதை அரிஞ்சு கட்டுவார், விரலெல்லாம் கீறல். அமெரிக்காவின்ர தென்கிழக்கில பைன் வரிசைகளுக்கு இடையில சுவிட்ச்கிராஸ் எண்ட உயரமான புல்லை நட்டு, எரிபொருளுக்கு அறுத்துப் பார்த்திருக்கினம் எண்டு வாசிச்சதும் அந்த விரல்கள்தான் ஞாபகம் வந்தது.

சுவிட்ச்கிராஸை ஒருக்கா விதைச்சா 10 வருசத்துக்கு மேல அறுக்கலாம். வேர் 3 மீற்றர் ஆழத்துக்கும் போகும். பைன் மரம் முத்த 25 வருசமளவில செல்லும். புல்லு வருசாவருசம் கைக்கு வரும். ஆனா மரம் வளர்ந்து நிழல் மூடினா புல்லு மெலிஞ்சிடும். அதுக்காக மரத்தை எடுத்திட்டுப் புல்லை மட்டும் வளர்க்கிறதுக்கு என்ர மனம் ஒப்பேல்ல.

2004 சுனாமிக்குப் பிறகு கரையில நட்ட சவுக்கு இப்பவும் காத்தை மறிக்குது. அதுக்குள்ள இலுக்கு தானா முளைச்சிருக்கு. நேத்து ஒரு கட்டு அரிஞ்சன், ஆட்டுக்கொட்டிலுக்கு.