டான் மிரோன் கேட்ட கேள்வி

நவீன எபிரேய இலக்கிய ஆய்வில் எனக்கு மிகப் பிடித்தவர் டான் மிரோன். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்திலும் நியூயார்க் கொலம்பியாவிலும் பாடம் நடத்தியவர், 1993இல் இஸ்ரேல் பரிசு பெற்றவர்.

1920கள் வரை எபிரேயக் கவிதையில் பெண்கள் ஏன் அநேகமாக இல்லை என்று கேட்டார். பிறகு ராகேல், எஸ்தர் ராப், எலிஷேவா, யோகெவெத் பாத்-மிரியாம் என்று வரிசையாக வருகிறார்களே, எப்படி? கிழக்கு ஐரோப்பாவில் யூதப் பையன்கள் சிறுவயதிலேயே எபிரேய வேதமும், யூதச் சட்ட விளக்க நூலான தால்மூதும் படித்தார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தக் கதவு திறக்கவில்லை. முன்னணி எபிரேயக் கவிஞரான பியாலிக்கின் காலத்துக் கவிதையோ பழைய நூல்களின் எதிரொலி நிரம்பியது. அந்த அளவுகோலில் பெண்களின் எளிய மொழி வறுமையாகத்தான் தெரிந்தது. ரசனை மாறியதும் இடம் கிடைத்தது என்பது மிரோனின் வாதம். பின்வந்த பெண்ணிய ஆய்வாளர்கள் இதோடு மல்லுக்கட்டினார்கள், அதுவும் நல்லதே.

திறமை இருந்ததா என்று கேட்காமல், எந்த அளவுகோல் யாரை வெளியே நிறுத்தியது என்று பார்க்கிறார் பாருங்கள், அங்கேதான் நான் அவரிடம் விழுந்தேன். இலக்கிய வரலாறு எடுக்கும் ஆசிரியர்கள் இந்தக் கேள்வியை வகுப்பில் முதல் நாளே வைக்க வேண்டும்.