ஈரக் கழிவு நிரலுக்கு வண்ணம் பிரித்தல்

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை கொள்முதல் கணக்கைப் பார்க்கும் ஒரு வெப் அப்ளிகேஷன். மழைநாளில் ஈரத்தோடு வரும் இலைக்கு எத்தனை கிலோ கழிப்பது என்ற விதி, அதில் சின்னச் சின்ன பைத்தான் துண்டுகளாக இருக்கிறது. அவற்றின் சொற்களைத் திரையில் வகைக்கு ஒரு நிறமாக வண்ணம் பிரித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கென்றே ஆயத்த நிரல்களாக ஹைலைட்.ஜேஎஸ், பிரிசம் என்ற லைப்ரரிகள் உண்டு. லைப்ரரியைச் சேர்க்கப் பத்து நிமிஷம் போதும். மீதி நேரமெல்லாம் அதற்குக் கொடுக்கும் எழுத்தைச் சரிசெய்வதில்தான் போகும்.

முதலில் < குறி. ‘எடை < 10’ என்ற வரி அப்படியே திரையில் வந்துவிடும்; டெஸ்ட் செய்தவர் சரி என்று டிக் போட்டுவிடுவார். < குறியை ஒட்டி ஆங்கில எழுத்து வந்தால்தான் பிரவுசர் அதை டேக் (பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் குறி) என்று எடுத்துக்கொள்ளும், அந்த இடத்தில் வரி காணாமல் போகும். தமிழெழுத்து ஒட்டினால் ஒன்றும் ஆகாது. அதனால் தமிழ்ப் பெயர் வைத்த நிரலில் பல மாதம் தெரியாமலே கிடக்கும் பிழை இது. <, & இரண்டையும் சர்வரிலேயே எஸ்கேப் செய்துவிட வேண்டும், அதாவது பிரவுசர் வெறும் எழுத்தாகக் காட்டும் மாற்றுக் குறியாக்கிவிட வேண்டும்.

மொழியை லைப்ரரி தானே கண்டுபிடிக்கட்டும் என்று விடக்கூடாது. ஹைலைட்.ஜேஎஸ் தெரிந்த மொழிகளையெல்லாம் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடுகிறது. நாலு வரித் துண்டுக்கு அது குருட்டு யூகம்தான். மொழியின் பெயரை நிரலைச் சுற்றியுள்ள டேகின் கிளாஸில் எழுதிவிடுங்கள்.

பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது. பிரிசம் ஏற்காது: ‘எடை_கூட்டு’ என்று ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்தால் அது நிறமில்லாமல் நிற்கும், ஏனென்றால் அதன் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துக் கோவையைத் தேடும் விதி) ஆங்கில எழுத்தை மட்டும் தேடுகிறது. ஹைலைட்.ஜேஎஸ் 11-இன் பைத்தான் இலக்கணம் யூனிகோடை, அதாவது எல்லா மொழி எழுத்துகளையும், பார்க்கிறது. இந்த ஒரு காரணத்துக்கே அதை எடுக்கலாம்.

திரையை வரைய ரியாக்ட் என்ற லைப்ரரியைப் பயன்படுத்தினால் இன்னொரு தலைவலி. வண்ணம் பிரிக்கும் லைப்ரரி நேராகப் பக்கத்தில் கைவைத்து நிறத்துக்கான ஸ்பான் டேகுகளைச் செருகும்; அடுத்த முறை திரையை வரையும்போது ரியாக்ட் தன் கணக்கில் இல்லாத டேகுகளைப் பார்த்துத் தடுமாறும். எழுத்தைக் கொடுத்து ஹெச்டிஎம்எல் சரமாகத் திருப்பி வாங்கும் ஹைலைட்.ஜேஎஸ் ஃபங்ஷனைப் பயன்படுத்துவதே நல்லது; எஸ்கேப்பையும் அதுவே செய்துவிடும், முன்கூட்டிச் செய்யக்கூடாது. அதையும் சர்வரிலேயே முடித்துவிட்டால், சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் சரிவுகளில் ஸ்கிரிப்ட் இறங்கக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக கமெண்ட், அதாவது நிரலாக ஓடாமல் படிப்பவருக்காக மட்டும் எழுதும் வரி. ‘மழை இலை, இரண்டு முறை எடை போடவும்’ என்ற தமிழ்க் குறிப்பு. கணக்குப் பிள்ளை படிப்பது அந்த ஒரு வரியைத்தான். லைப்ரரியோடு வரும் நிறத் தொகுப்புகளான தீம்கள் அதைத்தான் மங்கலாக்குகின்றன. பிரிசத்தின் வழக்கமான தீமில் கமெண்ட்டின் சாம்பல் நிறத்துக்குக் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) ஏறக்குறைய 3.6, இருக்க வேண்டியது 4.5. சில தீம்கள் சாய்வெழுத்தும் போடும். சாய்வு வடிவமில்லாத தமிழ் ஃபான்டை பிரவுசர் இழுத்துச் சாய்க்கும்போது கொம்பும் காலும் கோணிக்கொள்கின்றன. சாய்வை எடுத்துவிட்டு, நிறத்தை இருட்டாக்கி, வரி உயரத்தை 1.7 வைத்தால் எடைக் கொட்டகை வெளிச்சத்திலும் படிக்க வருகிறது.