இடிப்புப் பட்டியலில் இருந்து மீண்ட எங்கள் போர்டு ஸ்கூல்

வாழப்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் உள்ள பழைய ஓட்டுப் பள்ளிக்கூடம் ஜில்லா போர்டு, அதாவது அந்தக் கால மாவட்ட உள்ளாட்சி அமைப்பு, இருந்த காலத்தில் கட்டியது. பள்ளி புதுக் கட்டடத்துக்கு மாறியதிலிருந்து பூட்டியே கிடந்தது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க ஆரம்பித்தார்கள். அவசியமான வேலைதான். எங்கள் கட்டடமும் பட்டியலில் ஏறியது. அது நிஜமாகவே பழுதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு இடியுங்கள் என்று கேட்க, பழைய மாணவர்கள் சிலர் கிளம்பினோம்.

முதலில் கையில் வாங்க வேண்டியது, நிலம் எந்த வகை, யாருடையது என்று சொல்லும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டின் நகல். எங்களுடையதில் ‘புறம்போக்கு – பள்ளிக்கூடம்’ என்று இருந்தது. போர்டு போனதும் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துக்கு வந்துவிட்டது. கல்வித் துறை அதில் பள்ளி நடத்தியது, அவ்வளவுதான். அதனால் முடிவு வட்டார வளர்ச்சி அலுவலர் கையில். வட்டாரக் கல்வி அலுவலரிடம் வாங்க வேண்டியது, இனி வகுப்புக்கு இந்தக் கட்டடம் தேவைப்படாது என்ற கடிதம் மட்டும்.

அப்புறம் கிராம சபை. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். ‘பாதுகாக்க வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அந்தத் தாள் நகராது. மாலை நேர வாசிப்பகம், சாவி யாரிடம், கரண்ட் பில் யார் கட்டுவது, எல்லாவற்றையும் தீர்மானத்திலேயே எழுதச் சொன்னோம்.

உதவிப் பொறியாளர் வந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. முன்பக்கம் கெட்டியாக இருந்தது. விரிசல் முழுக்கப் பின்சுவரில். சத்துணவுக்காகப் பிற்காலத்தில் கட்டிய சிமெண்ட் கொட்டகையைச் சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டிவிட்டிருந்தார்கள். அந்த இணைப்பில் மழைத்தண்ணீர் இறங்கி ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. கொட்டகையை மட்டும் இடித்துச் சுவரைச் சரிசெய்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு பக்க அறிக்கைதான்.

இதற்கிடையில் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கத் தலைமை ஆசிரியை அனுமதித்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வரவில்லை. அப்பாவின் தொழில் என்ற இடத்தில் நெசவு, பண்ணையம், கூலி. பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்ற இடத்தில் திரும்பத் திரும்ப, ‘குடும்பத்துடன் மலைக்குச் சென்றதால்’. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களுக்குத்தான். மூன்றாம் வகுப்போடு நின்ற பெண் குழந்தைகள் எத்தனை பேர்! காமராஜர் காலத்து மதிய உணவு வந்த பிறகு அதே பதிவேட்டில் பெயர்கள் நெருக்கமாகின்றன. இந்தச் சுவர்களுக்குள் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு வரலாறு எங்கள் ஊருக்கு இல்லை. சில பக்கங்களை நகலெடுத்து மனுவோடு இணைத்தோம்.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்டியது, மீதி அரசு. உண்மையான சிரமம் கொத்தனார் கிடைப்பதில் இருந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரை ஆத்தூர்ப் பக்கம் பிடித்தோம். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சிமிட்டி பூசுனா ஈரம் உள்ளயே நின்னுக்கும் கண்ணு, செங்கல் மாவாப் போயிரும்” என்றார். சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினார். காய விட்டு அடுத்த பூச்சு, மறுபடி காய விட வேண்டும். அவசரப்படுத்தக் கூடாத வேலை. மதிப்பீட்டில் சிமெண்ட் பூச்சு என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். ஆரம்பத்திலேயே சுண்ணாம்பு என்று போடச் சொல்லுங்கள்.

இப்போது சாயங்காலம் பிள்ளைகள் வருகிறார்கள், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் இரவு வரை இருக்கிறார்கள். மின் இணைப்பை ஊராட்சியின் பெயருக்கு மாற்றும் மனு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.