ரிசல்ட்டுக்குக் காத்திராத சந்தோஷம்: குரூப் 4 படிக்கும் விசுவாசிகளுக்கு

டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 என்கிற அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற கிறிஸ்தவப் பிள்ளைகளின் மேஜையில் பெரும்பாலும் ஒரே வசனம்தான் ஒட்டியிருக்கும். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பிலிப்பியர் 4:13. புதுவருஷ ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையும் அதுதான். ஹால் டிக்கெட்டை வாங்கி வைத்து ஜெபித்த பெரியம்மாவும் அதையே சொல்லி அனுப்பினார்.

நல்ல வசனம்தான். ஆனால் முன்னால் இருக்கும் இரண்டு வசனங்களை விட்டுவிட்டு அதை மட்டும் ஒட்டி வைக்கிறோம். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று பவுல் சொல்லி முடித்த பிறகுதான் அந்த வரி வருகிறது. சாப்பாடு இருந்த நாளையும் பட்டினி கிடந்த நாளையும் பார்த்துவிட்ட மனிதர், இரண்டிலும் நிற்க எனக்குப் பெலன் உண்டு என்கிறார். நீ கட்டாயம் பாஸாவாய் என்று அதில் எங்கேயும் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு தேர்வுக்குப் போகிற பிள்ளை, லிஸ்டில் பெயர் வராவிட்டால் வேலையோடு விசுவாசத்தையும் சேர்த்து இழக்கிறது. அப்படிச் சபைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

நான் படித்த காலம் வீட்டுக்கு நல்ல காலம் இல்லை. அப்பா ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்காரர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸ் ஆரம்பித்ததும் தோட்ட வேலை நின்றது. செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனது, அந்த மட்டும் தப்பித்தோம். ஆனால் வாரத்தில் பாதி நாள் விடியற்கால பஸ்ஸைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கு வரவேண்டும். வளைவில் அப்பாவுக்குக் குமட்டும் என்பதால் முன்சீட்டுக்காக எல்லோருக்கும் முன்னால் போய் நிற்போம். டயாலிசிஸ்காரர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்கவேண்டும். வாழ்நாளெல்லாம் காப்பி பறித்த மனிதருக்கு நான் அரை டம்ளர் காப்பியை அளந்து ஊற்றித் தருவேன். மலையில் பரவாயில்லை, ஏப்ரல் மாதச் சேலம் வெயிலில் அந்த அளவு மனதைப் பிசையும்.

இப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்து படிப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வசதியாகப் படிக்கிறவர்களுக்கு வேறு நிறைய வழிகாட்டிகள் இருக்கின்றன.

முதலில் நேரம். டயாலிசிஸ் ஒரு தடவைக்குச் சுமார் நான்கு மணி நேரம். குரூப் 4 தேர்வு மூன்று மணி நேரம், 200 வினா, 300 மதிப்பெண். அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்தால், மிஷினை நிறுத்துவதற்குள் முழுத்தாளையும் எழுதித் திருத்தியும் விடலாம். ட்ராலி சத்தம், குழந்தை அழுகை, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் எல்லாம் இருக்கும். அதற்குள் எழுதிப் பழகினவளுக்குத் தேர்வுக்கூடம் நூலகம் மாதிரி இருந்தது. கோச்சிங்குக்குக் காசு இல்லாதவர்கள் சேலம் கோரிமேட்டிலுள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டத்தின் இலவச வகுப்பைக் கேட்டுப் பாருங்கள்.

பாடத்தில் தமிழைத்தான் முதலில் கட்டிப்பிடிக்கவேண்டும். தமிழ்ப் பகுதிக்கு 100 வினா, 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் மீதி 100 வினாவுக்கான விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். நம் பிள்ளைகளுக்கு இதில் சின்ன அனுகூலம்கூட உண்டு. வீரமாமுனிவர் எழுதிய தேம்பாவணிக் காப்பியம் 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் என்று மற்றவர்கள் உருப்போடும்போது, வளன் என்பது நம் யோசேப்பு, கருணையன் என்பது யோவான் ஸ்நானகன் என்று நமக்கு உடனே பிடிபட்டுவிடும்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கருணையன் தன் தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டு அழுகிற பகுதி வரும். மதிப்பெண்ணுக்காகத்தான் படித்தேன், ஆனால் அங்கேயே நின்றுவிட்டேன். வீரமாமுனிவர் அவரை ஆறுதல் சொல்லி அடக்கவில்லை, வாய்விட்டு அழவிடுகிறார். நம் சபைகளில் இதற்கு இடம் குறைவு. அழுதால் "விசுவாசம் எங்கே போச்சு?" என்று கேட்டுவிடுகிறார்கள். சங்கீதப் புத்தகம் அப்படிக் கேட்பதில்லை. 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று முறைப்பாட்டோடு தொடங்கி, ஆறே வசனத்தில் பாட்டுக்கு வந்துவிடுகிறது. 88ஆம் சங்கீதம் அப்படியும் வராமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபம்தான். எந்த மனநிலையில் இருக்கிறீர்களோ அதற்கேற்ற சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். சந்தோஷமாக இருப்பதுபோல் நடித்துக்கொண்டு படித்தால் அரைமணி நேரத்தில் தலை வலிக்கும்.

அப்படியானால் "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்கிறாரே பவுல், அது என்ன? பிலிப்பியர் நிருபத்தை முழுதாக, ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். நான்கு அதிகாரம், 104 வசனம். ஒரு சீரியல் எபிசோடுக்கும் குறைவான நேரம்தான் ஆகும். எழுதினவர் விலங்கோடு இருக்கிறார். பிழைப்போமா சாவோமா என்பதே முதல் அதிகாரத்தில் முடிவாகவில்லை. துணைக்கு வந்த எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாய்க்குப் போய் மீண்டதும், அவன் செத்திருந்தால் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று அவரே சொல்வதும் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. இவ்வளவையும் மறைக்காமல் எழுதின கையால்தான் சந்தோஷமாயிருங்கள் என்றும் எழுதுகிறார். கஷ்டம் தீர்ந்ததால் வந்த சந்தோஷமாக இருந்தால் அவரால் அதை எழுதியிருக்கவே முடியாது. கிறிஸ்து தன்னை விடமாட்டார் என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டதால் வந்தது அது. அதுவும் ஒரே நாளில் வரவில்லை. மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்கிறார். நமக்கும் அது பாடம்தான், ரிவிஷன் வேண்டும். நான் காலையில் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு அதிகாரம் என்று வைத்துக்கொண்டேன். நாலு நாளில் நிருபம் ஒரு சுற்று முடியும், மறுபடி முதலிலிருந்து.

எனக்கு அது புரிந்தது படிப்பினால் மட்டும் இல்லை. டயாலிசிஸுக்குக் குத்துகிற ஊசி சாதாரண ஊசி இல்லை, கனமானது. கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்ட இடத்தில் இரண்டு ஊசி குத்துவார்கள். முதல் ஊசிக்கு அப்பா பல்லைக் கடிப்பார். இரண்டாவது உள்ளே போகும்போது மெல்ல ஒரு கீர்த்தனையை முனக ஆரம்பிப்பார். சுருதி சேராது. "வலிக்குதுங்களாப்பா?" என்றால், "வலிக்காம இருக்குமா கண்ணு? வலிக்குது, அதுக்குத்தான் பாடறேன்" என்பார். பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் பெரியவர் படுத்திருப்பார். அப்பா பாடாமல் இருக்கிற அன்று, "என்னங்க, இன்னிக்குப் பாட்டு இல்லையா?" என்று அவரே கேட்பார். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினபோது மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 16இல் வரும் வரியை அதுவரை நான் சும்மா கடந்து போயிருக்கிறேன்.

சரி, தேர்வுக்கு வருவோம். தப்பு விடைக்கு மதிப்பெண் குறைக்கிற வழக்கம் இதில் இல்லை. அதனால் இரண்டு விடைக்கு நடுவில் குழம்பினால் ஒன்றை நிரப்பிவிடுங்கள். "விடை தெரியவில்லை" என்கிற ஐந்தாவது வட்டத்தை நிஜமாகவே எதுவும் தெரியாதபோது மட்டும் தொடுங்கள். எந்த வினாவையும் வெறுமனே விடாதீர்கள். பதற்றம் வந்தால் பேனாவைக் கீழே வைத்து மூச்சு விட்டு, பிலிப்பியர் 4:6ஐ மனதில் சொல்லிவிட்டு எடுங்கள். அதில் விண்ணப்பம் மட்டும் இல்லை, ஸ்தோத்திரமும் சேர்ந்திருக்கிறது. அந்த நிமிஷத்தில் நன்றி சொல்ல ஏதாவது ஒன்று அகப்படும். எனக்கு மேலே ஓடின மின்விசிறி அகப்பட்டது.

2024இல் குரூப் 4 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. ஓய்வுநாளில் தேர்வு எழுதலாமா என்று சபையில் ஒரு பேச்சு கிளம்பியது. "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். தேர்வு நாளை நாம் குறிப்பதும் இல்லை. விடியற்கால ஆராதனை இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் போங்கள். குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டு ஓஎம்ஆர் தாளில் வட்டம் போடவேண்டாம்.

உபவாசம் பற்றியும் கேட்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. சாகவேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். தூக்கமே வராமல், எதுவும் வேண்டாம் என்கிற எண்ணம் நாள்கணக்கில் விடாமல் இருந்தால் ஜெபத்தோடு 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ 14416 மனநல உதவி எண்ணுக்கோ போன் பண்ணிப் பேசுங்கள். மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்பாவை மிஷினில் படுக்க வைத்துவிட்டுத்தான் நாங்களும் ஜெபித்தோம்.

எனக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்காத வருஷமும் இருந்தது, பிறகு கிடைத்தது. அப்பாவுக்கு டயாலிசிஸ் இன்னும் நடக்கிறது. கிடைக்காத வருஷத்திலும் நாங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டினோம், பஸ் ஸ்டாண்டு வரை பாடிக்கொண்டு போனோம். அதனால்தான் இதையெல்லாம் எழுத எனக்குக் கூச்சமில்லை.

ரிசல்ட் வருகிற அன்று ஒன்று செய்யுங்கள். நம்பரைத் தட்டுவதற்கு முன்னால், உங்களோடு படித்தவர்களில் ஒருவருக்குப் போன் போட்டு, "உனக்கு எப்படி வந்தாலும் சாயங்காலம் உன் வீட்டுக்கு வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்குக் கிடைத்து அவருக்குக் கிடைக்காவிட்டால், வாட்ஸ்அப்பில் சாட்சி ஸ்டேட்டஸ் போடுவதை அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைக்காமல் அவருக்குக் கிடைத்தாலும் சொன்னபடி போங்கள். போகும்போது லட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.