பாகூர் வாத்துக் கொட்டகை நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 9

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எங்கள் கொட்டகை பாதி காலி. நவம்பர் 30 இரவு புயல் கரையேறியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியதும் புதுச்சேரியில் எங்கள் பாகூர் சுற்றுவட்டார வயலெல்லாம் வெள்ளக்காடு. அடித்துக்கொண்டு போனது போக மிஞ்சியவை ஐந்து பெட்டை, ஓர் ஆண். எல்லாம் காக்கி கேம்பல் என்ற, நிறைய முட்டை இடும் இனம். முட்டைக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சம்பா அறுவடை முடிந்த வயலில் வாத்துப் பட்டி இறங்கியிருக்கிறது. சிந்திய நெல், நத்தை, புழு எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வயல் வயலாக நகரும் கூட்டம். அதை மேய்க்கும் வாத்துக்காரரிடம் நாட்டு வாத்தில் ஐந்து பெட்டையும் ஓர் ஆணும் கேட்டேன். ஆணுக்கு வால்மேல் இறகு சுருண்டிருக்கும், குரல் கரகரவென்று இருக்கும். உரக்கக் கத்துவது பெட்டைதான். ஒவ்வொன்றாகக் கத்தவிட்டுக் கேட்டு எடுத்தோம். பத்துப் பெட்டைக்கு இரண்டு ஆண் சரியான கணக்கு. அதற்கு மேல் ஆண் இருந்தால் பெட்டைகளின் பிடரி இறகு மிஞ்சாது.

கூடையில் போடும்போது வாத்துக்காரர் சொன்னார்: “காலைப் பிடிச்சுத் தூக்காதீங்க அக்கா, இதுக்குக் கால்தான் வீக்கு. கழுத்தைப் பிடிச்சு, அடிவயித்துக்குக் கை கொடுங்க.”

பிப்ரவரி 10

புதுசுகளுக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தனி இடம். தனிப் பேசின், தனித் தட்டு, தனிச் செருப்பு. முதலில் பழைய வாத்துகளுக்குத் தீனி வைத்துவிட்டுத்தான் இங்கே வருகிறேன். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. அத்தைக்கு இது அதிகப்படியாகத் தெரிகிறது. “எல்லாம் வாத்துதானேம்மா” என்கிறார். மூன்று வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் அத்தை என்றேன்.

பிப்ரவரி 12

இப்போது அத்தையே செருப்பை ஞாபகப்படுத்துகிறார். ஆந்திராவில் கோதாவரி மாவட்டங்களில் கோழிப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி. அந்தக் காய்ச்சல் கிருமியான எச்5என்1 கோழிக்கு வந்தால் கொத்துக் கொத்தாகச் சாகும், வெளியே தெரிந்துவிடும். வாத்து அப்படியில்லை. பல நேரம் கிருமியைச் சுமந்துகொண்டே நன்றாகத் தின்று நீந்திக்கொண்டிருக்கும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று முதல் நாளே கூட்டத்தில் விடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

பிப்ரவரி 15

வாத்து பிளேக் என்ற தொற்றுநோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்று, பழசுக்கும் சேர்த்து. டாக்டர் ஒவ்வொன்றையும் மடியில் வைத்துப் பார்த்தார். கண்ணோரம் நுரை இருக்கிறதா, மூக்குத் துளை அடைத்திருக்கிறதா, இறக்கைக்கு அடியில் பேன், உள்ளங்காலில் கட்டி. கண் நுரைக்குப் பாதி மருந்து ஆழமான தண்ணீர்தானாம். வாத்து தலை முழுக்க முக்கி எடுத்தால்தான் கண்ணும் மூக்கும் சுத்தமாகும். தட்டையான பேசினை எடுத்துவிட்டு உயரமான ஒன்றை வைத்தேன்.

பிப்ரவரி 20

வயலில் மேய்ந்து பழகியவை, கடைத் தீவனத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஊறவைத்த நெல்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, இன்றைக்குத்தான் தட்டு காலி.

பக்கத்துத் தெரு அண்ணன் செக்கிலிருந்து கடலைப் புண்ணாக்கு இலவசமாகத் தருகிறேன் என்றார். ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூஞ்சை பிடித்த கடலையில் வரும் அஃப்ளடாக்சின், கோழியைவிட வாத்தின் ஈரலை வேகமாகக் கெடுக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் என்ன நோய் என்றே தெரியாமல் செத்தபோதுதான், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்து இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். அப்போது வாத்துக் குஞ்சுகளும் செத்தன. நம் பக்கம் கடலை விளையும் ஊர். புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மார்ச் 2

மூன்று வாரம் முடிந்தது. ஒன்றும் சுணங்கவில்லை, எச்சமும் நல்லபடி. புதுசுகளைப் பழைய கொட்டகைக்கு ஒட்டினாற்போல் மாற்றி, நடுவில் கம்பிவலை மட்டும் விட்டேன்.

மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் கூட்டத்தில் மூத்த பெட்டை ஒன்று உண்டு, அலகில் கரும்புள்ளி இருக்கும். அதுதான் முதலில் வலைக்கு வந்தது. புது வாத்தைப் பார்த்துக் கழுத்தைத் தரையோடு நீட்டும். உடனே தலையைத் தன் தோளுக்கு மேல் திருப்பி நம் ஆணைப் பார்த்துக் கத்தும். திரும்ப நீட்டும், திரும்பக் கத்தும். ‘போய் விரட்டு’ என்று ஏவுகிறது. ஆண் எழுந்து வந்து வலையை ஒரு முறை கொத்திவிட்டு, கடமை முடிந்தது என்று தண்ணீருக்குப் போய்விட்டது. பெட்டை விடவில்லை, சாயங்காலம் வரை ஏவிக்கொண்டே இருந்தது.

மார்ச் 5

வலை ஓரத்துச் சத்தம் குறைந்திருக்கிறது. தலையை மேலும் கீழும் ஆட்டிப் பேசிக்கொள்கின்றன, அது நல்ல அறிகுறி.

கவனித்ததில் ஒன்று தெளிவாகிறது. தீனித் தட்டு வலைக்குப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் பழசுகள் பாய்கின்றன. தட்டை எட்டத் தள்ளி வைத்தால் புது முகங்களை ஏறெடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. சண்டை தட்டுக்கும் படுக்கும் இடத்துக்கும்தான். ‘ரெண்டு நாள் கொத்திக்கும், தானா சரியாகும்’ என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இடத்தையும் தட்டையும் நாம் பெருக்கிக் கொடுத்தால் கொத்து வாங்க வேண்டிய வாத்து வாங்காமல் தப்பிக்கும். நாளைக்கு இன்னும் இரண்டு பேசின், இரண்டு தட்டு, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி.

மார்ச் 8

இன்று ஒன்றாக விட்டோம். கொட்டகையில் அல்ல, அறுத்த வயலில். அங்கே பழசுக்கும் அது சொந்த இடமில்லை. இரண்டு பக்கமும் வயிறு நிறையத் தின்ற பிறகு, பகலில்.

ராத்திரி இருட்டில் உள்ளே சொருகிவிட்டால் காலையில் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று கோழிக்காரர்கள் சொல்வார்கள். கோழி இருட்டில் அசையாது. வாத்து ராத்திரியிலும் நடமாடும், விரட்டும். மூடிய இடத்தில் மாட்டிக்கொண்ட புதுசு எங்கே ஓடும்?

கரும்புள்ளிப் பெட்டை புதுசு ஒன்றைத் துரத்தியது, அது வரப்பைத் தாண்டி ஓடியது, அவ்வளவுதான். ஓட இடம் இருந்தால் சண்டை நீளாது. இருட்டும் முன் பிரித்து அவரவர் இடத்தில் அடைத்தோம். என் குரலுக்குப் புதுசுகள் இன்னும் திரும்புவதில்லை, ஆனால் பழசுகள் வந்தால் பின்னாலேயே வந்துவிடுகின்றன.

மார்ச் 12

மாசி மகம். வீட்டில் எல்லோரும் தீர்த்தவாரிக்குப் போய்விட்டார்கள், நான் வயலில்.

இன்றைக்கு இரண்டு ஆண்களும் மோதின. நெஞ்சோடு நெஞ்சு முட்டி, கழுத்தடி இறகைக் கவ்விக்கொண்டு, இறக்கையால் அடித்துச் சுற்றின. பார்க்கப் பயமாக இருந்தாலும் விட்டுவிட்டேன். இரத்தம் வந்தாலோ, தண்ணீரில் ஒன்றின் கழுத்தை அமுக்கி எழவிடாமல் பிடித்தாலோ உடனே இறங்கிப் பிரிக்க வேண்டும். மற்றபடி நாம் பாதியில் பிரித்தால் மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். புதியது விலகிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே வாய்க்காலில்.

மார்ச் 16

ஒரே கொட்டகையில் முதல் இரவு. தலைக்கு நான்கு சதுர அடி கணக்கில் கொட்டகையை எட்டுக்கு ஆறு அடி ஆக்கியிருக்கிறோம். கீழே கடலைத்தோல், எதிரெதிரே இரண்டு வாசல், மூலையில் முட்டுச்சந்து இல்லை. தெருநாய்க்கும் கீரிக்கும் பயந்து வலையை ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் புதைத்தாயிற்று.

மார்ச் 22

நடுவில் பழசுகளின் முட்டை குறைந்தது. இடம், கூட்டம், எது மாறினாலும் வாத்து முட்டையை நிறுத்தும். இந்த வாரம் ஏறிவிட்டது. புதுசிலும் இரண்டு முட்டை இட ஆரம்பித்திருக்கின்றன. விடியற்காலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் இட்டுவிடும், அதுவரை கொட்டகையைத் திறப்பதில்லை. திறந்தால் முட்டை வாய்க்காலுக்குப் போய்விடும்.

எதிர்வீட்டு அக்கா தன்னிடம் இருக்கும் ஒற்றை வாத்தை எங்களோடு சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். “ஒண்ணுதானே, அப்படியே விட்டுடேன்.” ஒற்றையாக வருவதற்குத்தான் அடி அதிகம், எல்லாக் கோபமும் அதன்மேல் விழும். அதனால் மூன்று வாரம் தனியே வைத்து, அப்புறம் வலைக்கு அந்தப் பக்கம் எங்கள் சாதுவான பெட்டை ஒன்றைத் துணைக்கு விட்டு, இரண்டையும் ஜோடியாக உள்ளே அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா சரி என்றார். பின்கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்துக் காயப்போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை கொண்டுவருகிறார்.