முதலில் ஹேண்ட்கார்டு, அப்புறம்தான் டிரிகர்

தேவகோட்டையில் கட்டிக்கொடுத்த பெரிய ஆச்சியின், அதாவது என் மூத்த அக்காவின், மகன் அமெரிக்காவில் ஒஹாயோவிலேயே பிறந்து வளர்ந்தவன். போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "அம்மான், ஏஆர்-15 வாங்கிட்டேன். சர்வீஸ் ரைஃபிள் போட்டிக்கு முதல்ல டிரிகர் மாத்தவா, ஹேண்ட்கார்டு மாத்தவா? ரெண்டுக்கும் சேர்த்து இப்பக் காசு இல்ல."

கோட்டையூருக்குத் திரும்புவதற்கு முன் பல வருஷம் நானும் அங்கே, ராணுவ ரைஃபிள் மாதிரியில் சுடும் அந்தப் போட்டிகளில் சுட்டவன். ஹேண்ட்கார்டுதான், அதாவது பேரலைச் சுற்றி முன்கை பிடிக்கும் குழாய் போன்ற உறைதான், முதலில் என்று அவனுக்குப் பதில் போட்டேன். பலர் டிரிகரைத்தான், விரலால் இழுக்கும் விசையைத்தான், சொல்வார்கள். நான் ஏன் மாற்றிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சிஎம்பி (இந்தப் போட்டிகளை நடத்தும் அமெரிக்க அமைப்பு) விதிப்படி 50 குண்டுப் போட்டி இப்படிப் போகும்: 200 கஜத்தில் நின்றுகொண்டு 10, அதே தூரத்தில் உட்கார்ந்து வேகமாக 10, 300 கஜத்தில் படுத்து வேகமாக 10, கடைசியில் 600 கஜத்தில் படுத்து நிதானமாக 20. உட்காரும்போதும் படுக்கும்போதும் ஸ்லிங்கை, அதாவது துப்பாக்கி வாரை, மேல்கையில் மாட்டி இறுக்கலாம். நின்று சுடும்போது அப்படி இறுக்கக் கூடாது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாதாரண ஏஆர்-15இல் ஸ்லிங் மாட்டும் வளையம் முன் சைட்டின் (குறிபார்க்கும் முனையின்) அடிப்பகுதியில் இருக்கும். அது பேரலையே, குண்டு வெளிவரும் குழலையே, கவ்விப் பிடித்திருப்பது. ஸ்லிங்கை இறுக்கினால் பேரல் வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான், ஆனால் குண்டு தாழ்ந்துவிடும். இன்றைக்கு ஒரு இறுக்கம், நாளைக்கு வேறு இறுக்கம். நின்று சுடும்போதோ இறுக்கமே இல்லை. 600 கஜத்தில் ஒரு நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒன்று) என்பது ஏறக்குறைய 6 அங்குலம். அந்த இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 12 அங்குலம்தான். நடுவில் போக வேண்டிய குண்டு ஒரு நிமிடம் விலகினால் வட்டத்தின் விளிம்புக்கு வந்துவிடும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு பேரலைத் தொடாது. பின்பக்கம் ரிசீவரை (துப்பாக்கியின் நடு உடலை) ஒட்டிய பேரல் நட்டில் மட்டும் பிடித்திருக்கும். ஸ்லிங் இழுப்பு முழுவதையும் அந்தக் குழாயே வாங்கிக்கொள்ளும். என்சிசியில் பழைய .303 ரைஃபிள் பிடித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஐப்பசி மழைக்குக் கதவு நிலையில் பிடிப்பது போல, அந்தத் துப்பாக்கியின் முன்கட்டை ஈரத்தில் உப்பிப் பேரலை அழுத்தும், குண்டுகள் ஒரே இடத்தில் விழும் க்ரூப்பிங் கலைந்துவிடும்.

அவனிடம் மூன்று விஷயம் பார்க்கச் சொன்னேன். முதலாவது, குழாய் கேஸ் பிளாக்கில் (பேரல் மேல் உள்ள வாயுக் கட்டையில்) எங்கும் உரசக் கூடாது. ஸ்லிங்கை முழுதாக இறுக்கிய நிலையிலும் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டாவது, தடித்த கையுறை போட்ட கையில் குழாய் உருளாமல் உட்கார வேண்டும். மூன்றாவது, ஸ்லிங் வளையம் அவன் கை நீளத்துக்குப் போதுமான அளவு முன்னால் இருக்க வேண்டும், நெட்டையான பையன். எடை குறைந்த குழாயைத் தேடி அலைய வேண்டாம் என்றும் சொன்னேன். நின்று சுடும்போது முன்பாரம் துப்பாக்கியை அடக்கிவைக்கும். இதற்காகவே உள்ளே ஈயம் வைப்பவர்கள் உண்டு. செங்குத்துப் பிடி மாதிரி எதையும் மாட்ட விடமாட்டார்கள், அந்தச் செலவு மிச்சம்.

சரி, டிரிகர். எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து நேராக அளந்தால் பத்து மீட்டர் தாராளமாக வரும். கதவுகளைச் சாத்திவிட்டு, உறவுக்காரப் பெண் ஒருத்தி அங்கே ஏர் ரைஃபிள் பழகுகிறாள். அந்தப் பத்து மீட்டர் போட்டியில் டிரிகர் எடைக்குக் கீழ்வரம்பே கிடையாது, தொட்டாலே போதும். சர்வீஸ் ரைஃபிளில் அப்படியில்லை. துப்பாக்கியை நிமிர்த்தி, டிரிகரில் நாலரை பவுண்டு, அதாவது சுமார் 2 கிலோ எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். ஹேமர் (குண்டை வெடிக்க வைக்கும் உள் சுத்தி) விழுந்துவிட்டால் துப்பாக்கி தேறாது.

அதனால் இங்கே லேசான டிரிகர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த நாலரை பவுண்டை எப்படிப் பிரித்துக்கொள்கிறோம் என்பதுதான் விஷயம். இரண்டு கட்ட டிரிகரில் முதல் கட்டத்தில் 3 பவுண்டு போலப் போய்விடும். விரல் ஒரு சுவரில் முட்டியது மாதிரி நிற்கும். மிச்சம் ஒன்றரை பவுண்டுதான், அது கண்ணாடி முறிவதுபோல் சட்டென்று விழ வேண்டும். .303இலும் இதே இரண்டு கட்டம்தான். கைஸ்லி என்ற கம்பெனியின் நேஷனல் மேட்ச் டிரிகரில் இரண்டு கட்டத்தையும் திருகு வைத்துச் சரிசெய்யலாம். வாங்கினால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். சரியாக நாலரையில் நிறுத்த வேண்டாம். ஸ்பிரிங் பழகப் பழகத் தளரும். கொஞ்சம் கூடுதலாக வைத்து, ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் எடை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

துப்பாக்கியோடு வந்த ஒற்றைக் கட்ட டிரிகர் கரகரவென்றுதான் இருக்கும். ஆனால் ராணுவ அளவில் செய்தது ஐந்தரை பவுண்டுக்கு மேல் இருப்பதால் எடைச் சோதனையில் தேறிவிடும். குண்டு போடாமல் வீட்டிலேயே தினமும் இழுத்துப் பழகினால் இந்த சீசனை அதிலேயே ஓட்டலாம். கைஸ்லிக்கு அடுத்த சீசனுக்குள் காசு சேர்த்துக்கொள்ளட்டும்.